1991 யூனோஸ் ரோட்ஸ்டர்: ரோன் 95 போதுமா, 97 ஊற்ற வேண்டுமா?

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றைச் சமீபத்தில் வாங்கியிருக்கிறார். மற்ற நாடுகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5, மியாட்டா என்று ஓடுகிற அதே கார்தான். 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். "ஸ்போர்ட்ஸ் காருக்கு 97-க்குக் கீழே ஊற்றவே ஊற்றாதீர்கள், 100 கிடைத்தால் இன்னும் நல்லது" என்றாராம் விற்றவர். "95 போதும், காசை வீணாக்காதீர்கள்" என்றாராம் மெக்கானிக். 95 ஊற்றித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் மத்தியான வெயிலில் கெந்திங் மலை ஏறத் தொடங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால், முன்பக்கத்திலிருந்து ஏதோ கிணிகிணியென்று சத்தம் கேட்கிறதாம். யார் சொல்வதைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி வைத்த டைமிங்கோடு (பிளக் பொறி விடும் நேரம்), நல்ல நிலையில் இருக்கும் 1.6 ரோட்ஸ்டருக்கு ரோன் 95 தாராளம். 97 ஊற்றினால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. 95-லேயே அது தட்டுகிறது என்றால் இன்ஜினில் எங்கோ கோளாறு இருக்கிறது, அல்லது முந்தைய சொந்தக்காரர் எதையோ மாற்றி வைத்திருக்கிறார். அதைத் தேடாமல் 100 ஊற்றினால் சத்தம் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும். எனவே எந்தப் பெட்ரோல் என்பதைவிட, அந்தச் சத்தம் என்ன என்பதுதான் இங்கே பெரிய விஷயம். இரண்டையும் பார்ப்போம்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியையோ சுத்தத்தையோ காட்டுகிற எண் அல்ல. தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் அது தாங்கும் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. சிலிண்டருக்குள் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். பரவும்போதே, ஓரத்தில் இன்னும் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு எல்லை மீறினால், தீ வந்து சேருமுன்பே அந்த மிச்சம் மொத்தமாகக் குப்பென்று பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுவதைத்தான் நாக்கிங் என்கிறோம். எப்போதாவது லேசாக எட்டிப் பார்த்தால் பெரிய சேதமில்லை. பாரத்தோடு தொடர்ந்து வந்தால் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், பிஸ்டன் ஓரம் அரிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இந்த அளவுகோல் 1920-களில் வந்தது. அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர், நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், கொஞ்சமும் தாங்காத ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்தார். 95 சதவீதம் ஐசோ ஆக்டேனும் 5 சதவீதம் ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி நடந்துகொள்கிற பெட்ரோல் 95. அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள். 97-ல் கூடுதல் வேகம் ஒளிந்திருக்கவில்லை.

அடுத்து, நிறைய பேரைக் குழப்புகிற விஷயம். ஆக்டேனை எல்லா நாடும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. மலேசியா, ஜப்பான், ஐரோப்பா, இந்தியா, இலங்கை எல்லாம் ரோன் என்கிற சோதனையின் கணக்கு. அமெரிக்க பங்க்கில் இருப்பது ரோனையும் மோன் என்கிற இன்னொரு கடுமையான சோதனையின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி. இரண்டு சோதனைக்கும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான். ரோனுக்கு 600 ஆர்பிஎம்மில் ஓட்டுவார்கள். மோனுக்கு 900 ஆர்பிஎம், அதோடு உள்ளே போகும் கலவையையும் நன்றாகச் சூடாக்குவார்கள். அதனால் மோன் எப்போதும் குறைவாகவே வரும், சராசரியும் இறங்கிவிடும். அமெரிக்காவின் 87 நம் கணக்கில் ஏறக்குறைய ரோன் 91 அல்லது 92. அங்கே பிரீமியம் என்று விற்கும் 91 நம்மூர் 95-க்குப் பக்கத்தில் வரும். இணையத்தில் எம்எக்ஸ்-5 பற்றிக் கிடைப்பதில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள் எழுதியது. "டைமிங் ஏற்றியிருந்தால் 91 போடு" என்று அங்கே படித்துவிட்டு, நம்மூர் 95 அதைவிட நாலு எண் கூடுதல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது உங்கள் இன்ஜினுக்கு வருவோம். மாடல் பெயர் பி6-இசட்இ, 1,597 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, கம்ப்ரஷன் விகிதம் 9.4:1. டர்போ கிடையாது. 1989-ல் வந்தபோது ஜப்பானில் 120 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்று அறிவித்தார்கள். அங்கே இது ஓடியது சாதாரண ரெகுலர் பெட்ரோலில். ஜப்பானியத் தரப்படி ரெகுலருக்குக் குறைந்தபட்சம் ரோன் 89 இருந்தால் போதும், ஹை-ஆக்டேன் என்று விற்பதற்குத்தான் 96 வேண்டும். அமெரிக்கக் கையேட்டிலும் இதே காருக்கு 87-தான் போட்டிருக்கிறது. மலேசியாவில் 2009 செப்டம்பரில் ரோன் 92-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 95-ஐக் கொண்டுவந்தார்கள். ஆக இன்று இங்கே கிடைக்கும் ஆகக் குறைந்த பெட்ரோலே, இந்த இன்ஜினை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்ததைவிட மேலே நிற்கிறது. உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

சரி, கூடுதலாக ஊற்றினால் கொஞ்சமாவது இழுவை கூடாதா? இந்தக் காரில் கூடாது. புதிய கார்களின் பிளாக்கில் நாக் சென்சார் இருக்கும். நாக்கிங்கின் அதிர்வைக் கேட்டதும் இன்ஜினை நடத்தும் கணினியான இசியூ டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், சத்தம் போனதும் மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு நல்ல ஆக்டேன் கொடுத்தால் பின்வாங்காமல் முழு டைமிங்கில் ஓடும், அதில் சற்று சக்தி கிடைக்கலாம். முதல் தலைமுறை ரோட்ஸ்டரில் நாக் சென்சார் இல்லை. ரோன் 95 ஊற்றினாலும் 100 ஊற்றினாலும் இசியூவுக்குத் தெரியாது, ஒரே டைமிங் அட்டவணையைத்தான் ஓட்டும். 97-ல் போனால் "ஸ்மூத்தாக இருக்கிறது" என்று பலர் சொல்வது, ஏற்கெனவே லேசாகத் தட்டிக்கொண்டிருந்த இன்ஜின் தட்டாமல் ஓடுவதாக இருக்கலாம். அப்படியென்றால் அதுவும் ஒரு கோளாறின் அடையாளம்தான்.

நாக் சென்சார் இல்லை என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தட்டினால் இந்த இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது. உங்கள் காதுதான் அதற்குச் சென்சார். அதனால்தான் அந்தச் சத்தத்தைச் சாதாரணமாக விடக்கூடாது என்கிறேன்.

ஆனால் கேட்டது உண்மையில் நாக்கிங்தானா? ரோட்ஸ்டரில் இது நியாயமான சந்தேகம். இந்த இன்ஜினின் வால்வுகளுக்கு ஹைட்ராலிக் டேப்பெட், அதாவது ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம். வயதானால், ஆயில் பழசானால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று தட்டும், சூடானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். இது பெயர்போன சத்தம். ஆயில் மாற்றினாலே பல கார்களில் குறைந்துவிடுகிறது. இன்ஜினுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஐட்லிங்கில் கேளுங்கள். நின்ற இடத்திலேயே கேட்டால் அது டேப்பெட். ஆர்பிஎம்மோடு கூடவே ஒரே தாளத்தில் வேகமாகும், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும்.

நாக்கிங் அப்படி அல்ல. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் வராது. பாரம் ஏறும்போது மட்டும் வரும். மேட்டில் நாலாவது கியரில் 2,000, 2,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி மிதித்த உடனே, எவர்சில்வர் மூடியில் கடுகு தெறிக்கிற மாதிரி சிதறலாகக் கேட்கும். காலைக் கொஞ்சம் தூக்கினால் அந்தக் கணமே நின்றுவிடும். அந்த "உடனே நின்றுவிடுவது"தான் சரியான அடையாளம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலரை ஏமாற்றுவது: எக்ஸாஸ்டைச் சுற்றியுள்ள வெப்பத் தகடு. அதன் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் இரும்பு நடுங்குகிற சத்தம் கொடுக்கும். நியூட்ரலில் மெல்ல ரேஸ் கொடுத்து அதே ஆர்பிஎம்மைக் கடந்து பாருங்கள். அப்போதும் கேட்டால் தகடுதான்.

இவற்றைப் பிரித்தறிய 97 நல்ல கருவி. நான் அதை எதிர்ப்பதில்லை, இதற்குத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன். டேங்க் கிட்டத்தட்டக் காலியாகும்வரை ஓட்டிவிட்டு ரோன் 97 நிரப்புங்கள். டேங்க் 45 லிட்டர்தான், அடியில் மிச்சமிருக்கும் 95 பெரிய வித்தியாசம் செய்யாது. பிறகு அதே மலை, அதே நேரம், அதே கியர், அதே மிதி. சத்தம் போய்விட்டால் அது நாக்கிங்தான் என்று உறுதி. போகவில்லை என்றால் பெட்ரோல் பேச்சையே விட்டுவிட்டு தகடு, டேப்பெட், மற்ற இடங்களைப் பாருங்கள்.

கெந்திங் என்று நீங்கள் சொன்னதில் ஒரு துப்பு இருக்கிறது. உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, சிலிண்டருக்குள் போகும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. குளிர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே உயரம் கூடக் கூட இன்ஜின் கேட்கும் ஆக்டேன் இறங்கும். உண்மையான நாக்கிங்காக இருந்தால் அடிவாரத்தை ஒட்டிய சூடான முதல் ஏற்றத்தில் மோசமாக இருந்து, மேலே போகப் போகக் குறைய வேண்டும். அடுத்த முறை போகும்போது இதைக் கவனியுங்கள். உச்சிக்குப் பக்கத்திலும் அதே அளவு சத்தம் என்றால் எனக்கு நாக்கிங் மேல் சந்தேகம் வராது, வெப்பத் தகட்டின் மேல்தான் வரும்.

நாக்கிங் உறுதியானால் முதலில் பார்க்க வேண்டியது டைமிங். இந்தக் காரில் நான் முதல் சந்தேகத்தை எப்போதும் இதன்மேல்தான் வைப்பேன். காரணம், கம்பெனி வைத்தது 10 டிகிரி, அதாவது பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குக் கிராங்க் சுற்றில் 10 டிகிரி முன்னால் பொறி. அதை 14-க்கு ஏற்றிவிட்டால் கீழ் ஆர்பிஎம்மில் வண்டி சுறுசுறுப்பாகும் என்பது உலகம் முழுக்க எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த இலவச டியூனிங். உண்மையிலேயே பலன் உண்டு, மிதித்தவுடன் தெரியும். ஆனால் அதைச் செய்தவர் நல்ல பெட்ரோல் ஊற்றுவதையும் பழக்கமாக வைத்திருந்திருப்பார். வண்டி கைமாறும்போது டைமிங் கூடவே வரும், அந்தப் பழக்கம் வராது. விற்றவர் "97-க்குக் கீழே ஊற்றாதீர்கள்" என்று அழுத்திச் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் வண்டியில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

பார்ப்பது கஷ்டமில்லை. பிளக் வயரில் கவ்வுகிற டைமிங் லைட் ஒன்று போதும். இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்துவிடுங்கள். இன்ஜின் அறையில் ‘டயக்னாசிஸ்’ என்று எழுதிய சின்னக் கருப்புப் பெட்டி இருக்கும், அதன் மூடிக்குள் எந்தத் துளை எது என்று படம் போட்டிருக்கும். அதில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் இசியூ தன் பாட்டுக்கு டைமிங்கை ஆட்டிக்கொண்டே இருக்கும், நீங்கள் பார்ப்பது உண்மையான எண்ணாக இருக்காது. ஐட்லிங் 850 ஆர்பிஎம் சுற்றில் இருக்க வேண்டும். முதல் சிலிண்டர் வயரில் லைட்டைக் கவ்வி, கிராங்க் புல்லியின் குறி பெல்ட் மூடியின் அளவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 10-ல் நிற்காமல் தள்ளி நின்றால், சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில் ஃபயர்வாலை ஒட்டி இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி, சென்சாரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். இடம் நெருக்கடி, கை சுடும், பொறுமை வேண்டும். முடிந்ததும் அந்த வயரை எடுக்க மறக்க வேண்டாம்.

லைட் அடிக்கும்போதே புல்லி ஆடுகிறதா என்றும் பாருங்கள். 1990-லும் 1991-ன் தொடக்கத்திலும் வந்த 1.6 இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்மூக்கு குட்டையானது. புல்லியில் நான்கு பிளவுகள் தெரிந்தால் அந்த வகை, எட்டு என்றால் பிறகு வந்த நீள மூக்கு. குட்டை மூக்கில் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால் புல்லி நழுவாமல் பிடித்திருக்கும் ‘கீ’ என்ற சின்ன உலோகத் துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, புல்லி தள்ளாடும், டைமிங் குறி ஓரிடத்தில் நிற்காது. பெட்ரோல் மாற்றித் தீர்க்கிற விஷயமே அல்ல இது. அப்படி ஆட்டம் தெரிந்தால் டைமிங்கைத் தொடாமல் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

டைமிங் சரியாக 10-ல் இருந்தும் தட்டினால், மிச்சமிருப்பது இரண்டே வழி: கலவையில் பெட்ரோல் குறைகிறது, அல்லது சிலிண்டருக்குள் சூடு கூடுகிறது. பெட்ரோல் குறைவதற்கு இந்த வயதுக் காரில் காரணங்கள் நிறைய. இன்டேக் ரப்பர் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு, வேக்குவம் ஹோஸில் கசிவு, அடைபட்ட பெட்ரோல் ஃபில்டர், பிசின் படிந்த இன்ஜெக்டர். 1.6 இன்ஜினில் காற்றை அளப்பது ஸ்பிரிங் வைத்த கதவு போன்ற மீட்டர். அதன் கருப்பு மூடி ஒருமுறை திறக்கப்பட்டு சிலிகானால் ஒட்டியது போல் இருந்தால் யாரோ ஸ்பிரிங்கோடு விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சூட்டுப் பக்கத்தில் ரேடியேட்டரைப் பாருங்கள். இந்தக் காரின் ரேடியேட்டர் மேல்தொட்டி பிளாஸ்டிக். கருப்பாக இருந்தது பழுப்போ பச்சையோ கலந்த நிறத்துக்கு மாறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது, மலை ஏறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். பிளக் என்ஜிகே என்றால் எண் 5 அல்லது 6 இருக்க வேண்டும். என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், குறைந்தால் சூடான பிளக்.

அப்புறம் கரி. பல வருஷம் நகரத்தில் மெல்ல ஓடிய இன்ஜினில் பிஸ்டன் தலையிலும் வால்வைச் சுற்றியும் கரி படியும். அது இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனைச் சற்று ஏற்றும், சூட்டையும் பிடித்து வைக்கும். புதிதாக இருந்தபோது 89-ல் ஓடிய இன்ஜின் முதுமையில் அதைவிடச் சில எண்கள் கூடுதலாகக் கேட்பது இதனால்தான். பாலிஈதர்அமீன் கலந்த இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டிலை டேங்கில் ஊற்றி, அந்த டேங்க் தீரும்வரை நெடுஞ்சாலையில் நல்ல ஆர்பிஎம்மில் ஓட்டுவது இந்த விஷயத்தில் நான் நம்புகிற வழி. பிராண்டைவிட அந்த ஒரு பொருள் சேர்ந்திருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள்.

கிளீனர் வேறு, ஆக்டேன் பூஸ்டர் வேறு. பூஸ்டர் பாட்டிலில் "30 பாயின்ட் கூடும்" என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அந்தக் கணக்கில் ஒரு பாயின்ட் என்பது பத்தில் ஒரு எண். 30 பாயின்ட் கூடினால் 95 என்பது 98 ஆகும், 125 ஆகாது. மாங்கனீசு கலந்த வகைகள் பிளக்கின் மேல் செங்காவி நிறப் படிவை விடும். அதற்குக் கொடுக்கும் காசுக்கு 97 வாங்கிவிடலாம். தேவைப்பட்டால் கலந்தும் ஊற்றலாம்: 20 லிட்டர் ரோன் 100-ம் 20 லிட்டர் ரோன் 95-ம் சேர்ந்தால் ஏறக்குறைய 97.5. கலப்பதால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

வண்டி உங்களிடம் வருமுன் எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது என்று விசாரியுங்கள். மாதக்கணக்கில் நின்ற டேங்கில் இருப்பது பழைய பெட்ரோல். லேசான பகுதிகள் ஆவியாகிப் போய், பிசின் திரண்டிருக்கும். அதன் மேலேயே 97 நிரப்பிச் சோதித்தால் முடிவு தப்பாக வரும். வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பிறகு சோதியுங்கள்.

ஓட்டும் விதமும் உண்டு, இதைச் சொல்லாமல் விட முடியாது. ரோட்ஸ்டரின் கியர் மாற்றும் சுகத்துக்காகவே ஆட்கள் இந்தக் காரை வாங்குகிறார்கள். மேட்டில் ஐந்தாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் இன்ஜினைத் திணறவிட்டு மிதித்தால் நல்ல இன்ஜினும் தட்டும். மூன்றாவதுக்கு இறங்குங்கள். 4,000-க்கு மேல் ஓடுவதற்காகச் செய்த இன்ஜின் இது, அங்கே அதற்கு ஒரு சிரமமும் இல்லை.

இதெல்லாம் 9.4:1 கம்ப்ரஷன் உள்ள, டர்போ இல்லாத இந்தக் காருக்கு. "பழைய ஸ்போர்ட்ஸ் கார்" என்று பொதுவாகக் கேட்டால் என் பதில் மாறும். ஜப்பானில் இருந்து வந்த டர்போ கார்களை, ஆர்பி26 இன்ஜின் உள்ள ஸ்கைலைன் ஜிடி-ஆர், எஃப்டி ஆர்எக்ஸ்-7 மாதிரி வண்டிகளை, அங்கே கிடைக்கும் ஹை-ஆக்டேனை நம்பித்தான் டியூன் செய்திருக்கிறார்கள். அவற்றுக்கு 97 குறைந்தபட்சம், பூஸ்ட்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றியிருந்தால் 100. ஆர்எக்ஸ்-7-ல் நாக்கிங் சில நொடிகள் பலமாக வந்தாலே பிஸ்டனுக்குப் பதிலாக அதில் சுழலும் ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல் உடையும். அங்கே சிக்கனம் பார்ப்பது பெரும் நஷ்டம். அதேபோல் ஒரே பெயர் உள்ள கார் ஒவ்வொரு சந்தைக்கும் வேறாக இருக்கும். 1980-களின் போர்ஷே 911 கரேரா 3.2 ஐரோப்பாவுக்கு 10.3:1 கம்ப்ரஷனில் 231 பிஎஸ், அமெரிக்காவுக்கு முதலில் 9.5:1-ல் 207 பிஎஸ். பெட்ரோல் தேவையும் அதற்கேற்ப மாறும். சேஸி எண்ணை வைத்து எந்த நாட்டு இன்ஜின் என்று தெரிந்துகொண்டு, அந்த நாட்டுக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். 1960-களின் எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு ஆக்டேனோடு ஈயப் பிரச்சினையும் உண்டு. அவற்றின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்தவை. கடினமான சீட் போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ரோட்ஸ்டர் ஈயமற்ற பெட்ரோலுக்காகவே செய்த கார், அந்தக் கவலை இல்லை.

வேறு நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோல் 10 சதவீத எத்தனால், இந்தியாவில் இப்போது 20 சதவீதம். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், நாக்கிங்குக்கு நல்லதுதான். ஆனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், கலவையையும் மெலிய வைக்கும். இன்ஜினுக்கு ஏற்ற அளவு எரிய, சாதாரணப் பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றால் சுத்த எத்தனாலுக்கு 9 பங்குதான். எத்தனால் கலந்ததும் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். 1991 இசியூவுக்கு முழு மிதியில் இதைச் சரிகட்டத் தெரியாது. இந்தியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பங்க்கில் ஆக்டேன் எண்ணோடு எத்தனால் எவ்வளவு என்பதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொள்வது முதல் வேலை.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பினால், வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்தில் சத்தம் கேட்டுப் பாருங்கள். பிறகு ஒரு டேங்க் 97-ல் மலை. நாக்கிங் என்று உறுதியானால் டைமிங் லைட். 14-ல் நின்றால் உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் சரியானவை. 10-க்கு இறக்கிவிட்டு மானிய விலையில் ரோன் 95 ஊற்றி ஓட்டலாம். அந்தக் கீழ் ஆர்பிஎம் சுறுசுறுப்பு பிடித்திருந்தால் 14-லேயே விட்டு, சந்தையோடு ஏறி இறங்கும் 97-க்கு நிரந்தரமாக மாறிவிடலாம். நான் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். ரோட்ஸ்டர் வாங்குவதே அந்தச் சுகத்துக்காக, அதுவும் தினமும் ஓட்டுகிற வண்டி இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் டைமிங் எத்தனை டிகிரி, எந்தப் பெட்ரோல் என்பதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த வண்டியைத் தொடும் மெக்கானிக்குக்கும், நாளைக்கு அதை வாங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும்.